சந்து முனைக் கல்

என் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே, இன்னொரு கல் சாய்ந்து கிடக்கிறது. ஒன்றரை முழ நீளம் இருக்கும். மண்ணுக்குள் புதைந்திருந்த பாதி கரடுமுரடாகவும், வெளியே நின்ற பாதி நான்கு பக்கமும் கொத்தி மட்டம் செய்யப்பட்டும் இருக்கிறது. உச்சியில் ஒரு பெருக்கல் குறி, பக்கவாட்டில் ஓர் எண். அந்த எண்ணை இன்றைக்கு யாராலும் படிக்க முடியாது. பதினெட்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அரைத்துப் பூசிய மஞ்சள் அந்தப் பள்ளங்களில் இறங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு பெய்த முப்பது வருஷ மழைக்கும் அது முழுக்கக் கரையவில்லை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், இது என்ன சாமி, ஏன் இப்படிப் படுத்துக் கிடக்கிறது என்று கேட்பார்கள். "ஆபீஸ் கல்லு" என்று சொல்லி என் மனைவி பேச்சை மாற்றிவிடுவாள். அவள் சொல்வது பொய்யில்லை.

நான் முனிசிபல் ஆபீஸில் நில அளவுப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது முதல் யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்த கையோடு செல்லூர்ப் பக்கம் ஒரு தெருவை அகலப்படுத்தும் வேலைக்கு என்னைத் தள்ளிவிட்டார்கள். ஆற்றைத் தாண்டி ஊருக்குள் போகிற பார வண்டிகள் அந்தத் தெருவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, ஆகவே தென்வரிசை வீடுகளின் முன்பக்கத்தில் பத்தடி எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். எடுத்தோம். கையில் உத்தரவை வைத்துக்கொண்டு வீடு வீடாக நான்தான் போய் நின்றேன். ஒரு மனிதர் தன் வீட்டு முன்கதவைத் தானே கழற்றி, துண்டால் தூசி தட்டி, பத்தடி உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். இடித்து முடிந்ததும், எடுத்த இடம் எதுவரை என்பதற்கு அடையாளமாக, வீட்டுக்கு வீடு எல்லையில் கல் நட்டோம். ஒவ்வொரு கல்லும் எந்த இடத்தில் நிற்கிறது என்று நானே வரைபடத்தில் மசியால் குறித்தேன்.

சாலை வரவில்லை. அடுத்த வருஷம் என்றார்கள், அதற்கடுத்த வருஷம் என்றார்கள், பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள். வண்டிகளுக்கு வேறு பக்கமாக வழி போட்டாகிவிட்டது. செல்லூர்த் தெருவில் பத்தடி அகலத்துக்கு ஒரு நீளப் பொட்டல் மட்டும் மிஞ்சியது. நெசவுக்காரர்கள் அதில் பாவு ஓட்டினார்கள். பெண்கள் வற்றல் காயப்போட்டார்கள். ஆடுகள் வற்றலைத் தின்றன. யாரும் ஒரு செங்கல் வைக்கக்கூடாது என்று உத்தரவு இருந்ததால், கதவைக் கழற்றியவர் அந்தக் கதவை நடுவதற்குக்கூட நல்ல சுவர் எழுப்பப் பயந்துகொண்டு, தென்னந்தட்டியிலேயே காலத்தை ஓட்டினார். அந்தக் கற்கள் எல்லாம் பத்திரமாக நிற்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, கல் தணிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவேண்டியது என் வேலை.

அந்தத் தெருவில்தான் பலகாரக்காரம்மா இருந்தார். தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். கல்யாணச் சீருக்கு அதிரசமும் முறுக்கும் சுட்டுக் கொடுப்பது அவர் தொழில். கணவர் மில்லில் வேலை பார்த்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அமைதியான மனிதர். அவர்கள் வீடு தெருவில் இல்லை. தெருவிலிருந்து தெற்கே நாலரை அடி அகலத்தில் ஒரு சந்து போகும். சந்தின் மேற்கே அரிசி மண்டிக்காரர் வீடு, கிழக்கே முனிசிபல் வண்டிப்பேட்டையின் சுவர், சுவரோரம் ஒரு வேப்பமரம். சந்து போய் முடிகிற இடம் பலகாரக்காரம்மா வீட்டு வாசல். வீட்டின் பின்பக்கம் துப்புரவுச் சந்து. தெருவின் கழிவெல்லாம் வாளியில் போகிற வழி அது. அப்போது அதற்கு வேறு பெயர் சொல்வார்கள், அதை நான் எழுதப் போவதில்லை.

மண்டிக்காரர் வீட்டு எல்லைக்கு நாங்கள் நட்ட கல், சரியாகச் சந்தின் மேற்கு முனையில், அவர் சுவர் மூலையில் நின்றது. நட்ட ஆறாவது மாதமோ என்னவோ, பலகாரக்காரம்மா தலையில் அதிரசத் தாம்பாளத்தோடு சந்திலிருந்து தெருவில் கால் வைக்கிற நேரம், மிரண்ட மாடுகள் ஒரு பார வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கின்றன. சக்கரம் அந்தக் கல்லில் மோதி, வண்டி அப்படியே குடை சாய்ந்து நின்றுவிட்டது. அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஓர் அதிரசம் கீழே விழவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே கல்லுக்கு மஞ்சள் ஏறிவிட்டது.

அடுத்த தணிக்கைக்கு நான் போனபோது கல் குங்குமப் பொட்டோடு, கழுத்தில் கதம்பச் சரத்தோடு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. அரசாங்கக் கல்லுக்கு இவ்வளவு மரியாதை செய்த ஊர் வேறெங்கும் இருக்காது என்று ஆபீஸில் போய்ச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். ஆனால் அந்த அம்மாள் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. சீர் எடுக்க வருகிறவர்கள் மேளத்தோடு சந்து முனையில் காத்திருப்பார்கள். உள்ளேயிருந்து தாம்பாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சந்தில் இரண்டு தாம்பாளம் பக்கத்தில் பக்கத்தில் வர முடியாது. முதல் தாம்பாளத்தைப் பலகாரக்காரம்மாவே தூக்கி வருவார். கல்லின் முன்னால் நிறுத்தி, சூடம் காட்டி, தேங்காய் உடைப்பார். பெண்கள் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் மேளம் தொடங்கும். அந்தக் கல்லைத் தாண்டி வந்த சீர் எந்த வீட்டிலும் குறைபட்டதில்லை என்று ஒரு பேச்சு கிளம்பி, திருமங்கலம் வரைக்கும் போய்விட்டது.

இரண்டாம் வருஷம் மண்டிக்காரர் சுவரை ஒட்டி ஒரு சாக்கடை வெட்டினார்கள். அந்த வருஷத் தணிக்கைக்குப் போனபோது பலகாரக்காரம்மா என்னைச் சந்து முனையில் நிறுத்தினார்.

"அண்ணே, ஒரு வார்த்த. இந்தச் சாக்கடத் தண்ணி சாமி மேல தெறிக்குது. பாக்கச் சகிக்கல. அந்தா, வேப்பமரத்தடிக்கு நகட்டி வச்சுக்கிறட்டுமா? ஆபீஸ்ல ஏதும் சொல்லுவாகளா?"

வேப்பமரம் சந்தின் கிழக்குப் பக்கம். ஐந்தடிதான் தூரம். எனக்கு அன்று வெயிலில் தலைவலி. இன்னும் பதினேழு கல் பார்க்கவேண்டியிருந்தது.

"கல்லுதான தங்கச்சி. ரோடும் வரல, ஒண்ணும் வரல. நகட்டிக்கங்க."

அவர் முகம் சுருங்கியது. "கல்லுன்னு சொல்லாதீக அண்ணே. ஒங்களுக்குக் கல்லு. எனக்கு அப்படி இல்ல."

நல்ல நாள் பார்த்து, கடப்பாரை போட்டுப் பெயர்த்து, குழியில் நவதானியம் போட்டு வேப்பமரத்தடியில் நட்டார்கள். அன்றைக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல் ஒரு தூக்குவாளியில் என் வீட்டுக்கும் வந்தது. நானும் சாப்பிட்டேன், என் மனைவியும் சாப்பிட்டாள், அப்போதுதான் பிறந்திருந்த எங்கள் மகளுக்கும் நாக்கில் ஒரு துளி தடவினோம். அந்த வருஷம் தணிக்கைப் புத்தகத்தில் அந்தக் கல்லுக்கு நேராக "உள்ளது, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷமும் போட்டேன். பிறகு தெருவுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாக் கல்லுக்கும் சரி, சரி, சரி என்று போட்டுக்கொண்டு வந்தேன். ஆபீஸில் அப்படிச் செய்த ஒரே ஆள் நான் இல்லை. அது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது.

இரண்டாவது யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில்தான் அந்தப் பத்தடியை விற்றுவிடுவது என்று சபையில் முடிவானது. தெரு இனி அகலமாகப் போவதில்லை, அந்த நிலம் தேவைக்கு மேல் கிடக்கிறது, வீட்டுக்காரர்களே அவரவர் வாசலுக்கு நேராக உள்ளதை வாங்கிக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க ஏன் விலை என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். கதவைக் கழற்றியவர் செத்துப்போயிருந்தார்; அவர் மகன் வந்து விண்ணப்பம் கொடுத்தான்.

விற்க அளவு வேண்டும். அளக்க வரைபடம் வேண்டும். நான் மசியால் குறித்த வரைபடத்தைத் தேடி எடுத்தபோது, ஆவண அறைக் கூரை ஒழுகி, அந்தத் தெருவின் பாதி நீலக் கறையாக ஊறிப்போயிருந்தது. சந்தும் மண்டிக்காரர் வீடும் அந்தக் கறைக்குள் இருந்தன. இன்ஜினியர் பார்த்துவிட்டு, வருஷா வருஷம் தணிக்கை ஆகியிருக்கிறது, கல் நிற்கிற இடம்தான் எல்லை, கல்லுக்குக் கல் அளந்து விற்றுவிடலாம் என்று எழுதினார். தெருவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பலகாரக்காரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொன்னபோது, நம்ம சாமிதான எல்லை, அது நம்மள விட்டுருமா என்றாராம். ஆட்சேபம் சொல்ல அவருக்கு ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அளக்க வந்த சர்வேயர் வெளியூர் இளைஞர். கெட்டிக்காரர், சுறுசுறுப்பு, யார் மேலும் விரோதம் இல்லாதவர். நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அளவுச் சங்கிலி வருகிறது என்று தெரிந்து பலகாரக்காரம்மா அதிகாலையிலேயே கல்லைக் குளிப்பாட்டி, புது மஞ்சள் பூசி, சந்து முனையில் மாக்கோலம் போட்டு வைத்திருந்தார். மண்டிக்காரர் வீட்டு மேற்குக் கல்லிலிருந்து சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். சர்வேயர் வேப்பமரத்தடிக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெருக்கல் குறி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

"பாருங்கண்ணே, ஆபீசரே குனிஞ்சு கும்பிடுறாக" என்று பலகாரக்காரம்மா என் காதருகே சொன்னார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

சங்கிலி சந்தின் வாயை அடைத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. சர்வேயர் நிமிர்ந்து, சங்கிலியைப் பார்த்து, திறந்து கிடந்த நாலரை அடியைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "என்ன சார், நடுவுல சந்து மாதிரி இருக்கு? இதுவும் மண்டிக்காரருக்குச் சேர்ந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் இருந்தது. கல் இங்கே இல்லை, அங்கே இருந்தது, நான்தான் நகர்த்தச் சொன்னேன். அரசாங்கக் கல்லை நகர்த்தவிட்டது குற்றம். நகர்ந்த கல்லுக்குப் பதினேழு வருஷம் "சரி" போட்டது அதைவிடப் பெரிய குற்றம். எனக்குத் தலைமைக் குமாஸ்தா பதவி வருவதாக இருந்தது. பொங்கல் தின்ற அந்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதையெல்லாம் நான் அப்போது வரிசையாக நினைத்தேன் என்று சொல்ல முடியாது. வாய் தானாகவே பேசிவிட்டது.

"கல்லு நிக்கிற எடந்தான் கணக்கு சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டி எண்ணைச் சொன்னார். நான் எழுதினேன். பலகாரக்காரம்மா எங்களுக்கு ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். சர்வேயர் இரண்டு தின்றார். நான் வயிறு சரியில்லை என்றேன்.

மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தவணை வைத்துக்கொண்டேன். இதில் எனக்கு இன்னும் வெட்கமாக இருப்பது எது என்றால், அந்தக் கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் அவரிடம்தான் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல முடியும்? ஊரில் எல்லாரும் அவரிடம்தான் சொல்வார்கள்; சொல்லாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள். அரிசிக்கும் வெல்லத்துக்கும் தட்டுப்பாடு இருந்த காலம். எங்கெங்கோ அலைந்து நல்ல வெல்லம் வாங்கி வந்து, ஒரு வாரம் மாவைப் புளிக்கவிட்டு, அத்தனை அதிரசத்தையும் ஓரம் பிரியாமல் சுட்டு வைத்திருந்தார். "நம்ம அண்ணன் வீட்டுச் சீரு, அம்புட்டும் கணக்கா வரணும்ல" என்று என் மனைவியிடம் சொன்னாராம். கல்யாணத்தன்று பதினோரு தாம்பாளம் சந்திலிருந்து வெளியே வந்தன. கல்லின் முன்னால் நின்று சூடம் காட்டினார், குலவை எழுந்தது, நான் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மண்டிக்காரர் பத்திரம் பதிவு செய்து ஏழு நாள் ஆகியிருந்தது. அந்தச் சந்தின் வழியாக வெளியே வந்த கடைசிச் சீர் அதுதான்.

மாசியில் மண்டிக்காரர் சந்தின் வாயையும் சேர்த்து, அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குச் சுவர் வைத்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். "நான் யாரையும் ஏமாத்தலீங்க. காயிதத்துல என்ன இருக்கோ அதத்தான் கட்டுறேன்" என்றார். அஸ்திவாரம் ஏறும்வரை பலகாரக்காரம்மாவுக்கு நடமாட வழி விட்டார். கல்லை வேலையாட்கள் பெயர்த்து, மரத்தில் சாய்த்து வைத்தார்கள், உடைக்கப் பயம். தெருக்காரர்கள் கூடி ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். மேற்படி இடத்தில் சந்து இருந்ததாக அளவுப் பதிவில் காணவில்லை என்று பதில் போனது. அந்தப் பதிலை எழுதியது என் கை. தலைமைக் குமாஸ்தாவான பிறகு நான் எழுதிய முதல் கடிதங்களில் அது ஒன்று.

இனி அந்த வீட்டுக்குப் பின்வழி மட்டும்தான். நடமாடுவதற்கு அது போதும், சட்டப்படி யாரும் சிறைப்பட்டுவிடவில்லை. ஆனால் மங்கலக் காரியத்துக்கான சீர் தலைவாசல் வழியாகத்தான் புறப்படவேண்டும். வாளி போகிற வழியில் அதிரசத் தாம்பாளம் வருவதற்கு எந்த வீட்டாரும் சம்மதிக்க மாட்டார்கள். அந்த வழியைச் சுத்தம் செய்த அம்மாள் ஒருத்தி இருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு, முகூர்த்த நாள்களில் தங்கள் வேலையை விடியுமுன்னே முடித்துவிட்டு, தரையைக் கழுவி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தாள். "வீட்டு வாசல் கணக்கா வச்சிருக்கேன், எடுத்துட்டுப் போங்கம்மா" என்றாளாம். அந்தத் தெருவில் பலகாரக்காரம்மாவுக்கு உருப்படியாக ஏதாவது செய்த ஆள் அவள் ஒருத்திதான். பலன் இல்லை. "ஒங்க கைப்பக்குவம் வேணுந்தாம்மா. ஆனா அந்த வழியாச் சீர் எடுத்தா சம்பந்தி வீட்ல பேசுவாக" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வைகாசி முகூர்த்தங்களுக்கு ஒருவரும் வரவில்லை. ஆவணிக்கும் வரவில்லை.

ஆவணி கடைசியில் நான் இன்ஜினியர் அறைக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து கல் தணிக்கைப் புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். என் கையெழுத்துகள் வருஷ வாரியாக, ஒன்றுபோல, அழகாக இருந்தன.

"இதுல எது பொய்யின்னு சொல்றீங்க? இதுவா, இப்ப நீங்க சொன்னதா?" என்று கேட்டார்.

"இதுதாங்க" என்று புத்தகத்தைக் காட்டினேன்.

"இது பொய்யின்னா, இத நம்பி வித்தது அம்புட்டும் போச்சு. தெரு முழுக்கத் திரும்ப அளக்கணும். உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். போய் உக்காருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற நேரத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் சொல்கிற மாதிரி சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். அடம் பிடித்து நின்றிருக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கலாம். கல்யாணமும் முடிந்திருந்தது, தடை சொல்ல எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சுலபமான காரியம் அது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, என் வீட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் இரண்டு டிரங்குப் பெட்டி, பெரிய இரும்புச் சட்டி, மாவு இடிக்கிற உலக்கை, பாய்ச் சுருள், முன்னால் மில்காரக் கணவர். பலகாரக்காரம்மா இறங்கி வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போவதாகவும், வீட்டை மண்டிக்காரரே கேட்டதால் அவருக்கே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். என் மனைவி அழுதாள். அவர் அழவில்லை. மகள் எப்படி இருக்கிறாள், மாப்பிள்ளைக்கு அதிரசம் பிடித்ததா என்று விசாரித்தார். பிறகு வண்டிக்காரரும் கணவருமாக ஒரு பழைய சேலையில் சுற்றிய கனத்த பொருளை இறக்கிக் கொண்டுவந்து, என் காலடியில் வைத்தார்கள். சேலையைப் பிரித்தேன். கல்லுக்கு அன்றைக்கும் மஞ்சள் பூசியிருந்தது. பொட்டு மட்டும் வைத்திருக்கவில்லை.

"ஒங்க ஆபீஸ் கல்லுண்ணே. அங்க கெடந்தா ஒடச்சு அஸ்திவாரத்துல போட்டுருவாக. நீங்களே வச்சுக்கங்க" என்றார்.

"தங்கச்சி" என்றேன். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிப் பக்கம் திரும்பினார். பிறகு நின்று, கல்லைப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்குச் சொன்னதுதாண்ணே சரி. கல்லுதான்."

அவர் குரலில் குத்தல் இருந்ததா என்று இந்த முப்பது வருஷமும் யோசித்திருக்கிறேன். இல்லை என்றுதான் படுகிறது. நான் மறைத்ததைத் தெரிந்துகொண்டு சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதும் எனக்குப் பிடிபடவில்லை. "வாரேண்ணே" என்று சொல்லி ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அவர் மறுபடி பலகாரம் சுட்டதாகவும் கேள்விப்படவில்லை.

நான் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. போன மாதம் ஆபீஸிலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். புது சர்வேயர். செல்லூர்த் தெருவில் பஸ் திரும்ப முடியவில்லையாம், தெருவை அகலப்படுத்தப் போகிறார்களாம். தென்வரிசையில் பத்தடி. விற்றதைத் திரும்ப எடுக்கப் பழைய எல்லை வேண்டும், ஆனால் ஒரு கல்லும் அகப்படவில்லை, உங்களுக்குத் தெரியும் என்று சொன்னார்கள் என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே, "சந்து மாதிரி ஒண்ணு அடைபட்டுக் கெடக்குதுங்கய்யா, அந்த முனையில கல்லு எங்க நின்னுச்சு?" என்று கேட்டார்.

மூச்சுவிடாமல் சொன்னேன். மண்டிக்காரர் சுவர் மூலை, சாக்கடைக்கு இந்தப் பக்கம். சந்து பொதுவழி. நாலரை அடி அகலம். அதற்குக் கிழக்கேதான் வேப்பமரம். அவர் பென்சிலால் குறித்துக்கொண்டார். கிட்டங்கிச் சுவரை இடித்தால் சந்து வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்றார். உள்ளே யார் இருந்தார்கள் என்று கேட்டார். பலகாரம் செய்கிறவர்கள் என்றேன். சரி என்று புத்தகத்தை மூடினார். இவ்வளவுதான் அந்தக் காரியம். ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

கைகழுவக் கொல்லைக்குப் போனவர், கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். "சாமிங்களாய்யா?" என்றார். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"சந்து முனையில நின்னது இதுதான் தம்பி" என்றேன்.

அவர் ஆச்சரியப்பட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எண் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் இறுகியிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.

"சுரண்ட வேணாம் தம்பி."

"நம்பரப் பாத்துக்கிறலாம்னுதாங்கய்யா. கல்லுதான?"

"ஒங்களுக்குக் கல்லு" என்று சொல்லிவிட்டு, அவர் கைகழுவத் தண்ணீர் இறைக்கப் போனேன்.